ஸ்டீபன் வரவில்லை

என் வேலையை என் வாயாலேயே வெட்டினவன் நான். மற்றவர்கள் இதைச் சொல்லிச் சிரிக்க முன்னம் நானே எழுதி வைக்கிறேன்.

என் பெயர் முடியப்பு. வீட்டில், கோயிலில், துறைமுகத்தில் எங்கும் முடியப்புதான். இருபத்தாறு வயதிலேயே தலையில் ஒரு முடி இல்லை. அந்தப் பெயரோடு அந்தத் தலையைக் கொண்டு திரிவது எவ்வளவு கரைச்சல் என்று முடி உள்ளவர்களுக்கு விளங்காது.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ச் சில வருடம். நான் துறைமுகத்தில் அன்றாடக் கூலி. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பது. அப்போது வின்ச் பிடிக்க ஒரு ஆள் எடுக்கிறார்கள் என்று கதை வந்தது. (கப்பலில் சாமான் தூக்கி இறக்கும் யந்திரம்.) நிரந்தர வேலை. நிரந்தர வேலை இல்லாதவனுக்குப் பிலோமினாவைக் கட்டித் தர ஏலாது என்று அவளுடைய தகப்பன் சந்தியாப்பிள்ளை சொல்லியிருந்தார். அவர் இரண்டாம் தரம் சொல்லுகிற ஆளில்லை.

விண்ணப்பம் இங்கிலீசில். எனக்கு மூன்றாம் வகுப்புத் தமிழ். எங்கள் கோயில் பாதிரியார் சுவாமியிடம் கொண்டு போனேன். அவர் ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்து வைத்து நிரப்பினார். காட்டின இடத்தில் கையெழுத்து வைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. சுவாமி எழுதினதை வாசித்துக் காட்டச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? (கேட்டிருக்க வேண்டும்.) வரச்சொல்லி வந்த கடிதமும் சுவாமியின் விலாசத்துக்குத்தான் வந்தது. அவர் நாளை மட்டும் சொல்லியனுப்பினார்.

துறைமுகக் கந்தோர் விறாந்தையில் உட்கார ஒரு வாங்கு. நானும் கிண்ணியாக் காசிமும் இருந்தோம். அவனும் என்னைப்போலக் கூலிதான். நான் இரவல் சப்பாத்துப் போட்டிருந்தேன். ஒரு அளவு சிறிசு.

கிளாக்கர் வெளியே வந்து, “ஸ்டீபன்,” என்றார். ஒருவரும் எழும்பவில்லை. உள்ளே போனார். கொஞ்ச நேரத்தால் வந்து திரும்பவும் கூப்பிட்டார். நான் வாசலை எட்டிப் பார்த்தேன். காசிம் கேற்றடிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

மூன்றாம் தரமும் கூப்பிட்டார். இந்த ஸ்டீபனுக்குச் சுவாமியார் ஒருவர் நல்ல கடிதம் கொடுத்திருக்கிறார், இன்னும் அரை மணித்தியாலம் பார்ப்போம் என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கால் வேறு நோகுது. யார் இந்தப் பெரிய துரை? எனக்கும்தான் ஒரு சுவாமி எழுதித் தந்தார்.

“ஐயா, நேரத்துக்கு வரத் தெரியாதவன் வின்சில நிண்டு என்ன செய்யப்போறான்? வெட்டி விடுங்கோ.”

கிளாக்கர் என்னைப் பார்த்தார். நியாயம் என்றார். சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். பிறகு காசிமைக் கூப்பிட்டார். காசிம் உள்ளே போய், வேலையோடு வெளியே வந்தான்.

“முடியப்புவை எப்ப கூப்பிடுவியள்?” என்று கேட்டேன்.

“முடியப்புவோ? லிஸ்டில ரெண்டு பேர்தான். ஒருத்தர் காசிம். மற்றவரை நீர்தானே வெட்டச் சொன்னனீர்.”

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. என் பெயரைப் போட மறந்த சுவாமியோடு சண்டை பிடிக்கச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சுவாமி கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்தார்.

“ஸ்டீபன் எண்டது நீதானடா.”

பிறகு விளங்கப்படுத்தினார். அது கிரேக்கப் பெயராம். ஸ்தெபானோஸ். முடி, அதாவது கிரீடம் என்று அர்த்தமாம். அந்த நாளில் வந்த குருமார் அதைத் தமிழாக்கி முடியப்பு என்று வைத்தார்களாம். முதலாவது ஸ்டீபனைக் கல்லால் எறிந்து கொன்றார்களாம். பிறகு அந்தப் பெயரில் பாப்பரசர்மார் பலர் இருந்தார்களாம். ஹங்கேரி என்ற நாட்டில் ஒரு ராசாவும் இருந்தாராம். அவருடைய முடி என்று ஒன்றை இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம்.

அவருக்கு முடியாவது இருக்கிறது.

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. “பிலிப்பு எண்டால் என்ன, சுவாமி?” என்று கேட்டேன். குதிரையில் பிரியமானவன் என்றார். அதுவும் கிரேக்கம்தானாம். எங்கள் தெருவில் மூன்று பிலிப்பு. ஒருவனையாவது குதிரையப்பு என்று கூப்பிட்டார்களா? பிலோமினாவையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். தமிழாக்க அகப்பட்டவன் நான் ஒருத்தன்தான். அதையும் எனக்குச் சொல்லாமல் தமிழாக்கியிருக்கிறார்கள்.

சுவாமி ஒரு கடிதம் தந்தார். அடுத்த நாள் கொண்டு போனேன். கிளாக்கர் வாசித்தார். கிரீடம் என்ற இடத்தில் நிறுத்தி என் தலையைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார்.

“வேலை குடுத்தாச்சு, தம்பி. ஸ்டீபனைப் பற்றி நீர் சொன்னது சரிதானே. நேரத்துக்கு எழும்பாத ஆள்.”

சந்தியாப்பிள்ளையிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

இரண்டு வருடம் கழித்துத்தான் அடுத்த இடம் வந்தது. அந்த முறை சுவாமியை ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க வைத்தேன். விறாந்தையில் எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் எழும்பினேன். வேலை கிடைத்தது. கலியாணமும் நடந்தது. பீடத்தின் முன்னால் சுவாமி, “ஸ்டீபன் என்கிற முடியப்பு,” என்று வாசித்தார். முன்வாங்கில் இருந்த சந்தியாப்பிள்ளை பக்கத்து ஆளிடம், “இண்டைக்கு ரெண்டு பேரும் வந்திருக்கினம்,” என்றார். என் மாமனார் செய்த ஒரே பகிடி அதுதான்.

காசிமும் நானும் பிறகு ஒரே கப்பல்களில் வின்ச் பிடித்தோம். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, அடுத்த நாள் ஸ்டீபனின் திருநாள். யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். இருபது வருடமாக அன்றைக்குக் கிண்ணியாவிலிருந்து நல்ல பாரை மீன் ஒன்றோடு வந்து, எங்கள் கேற்றடியில் நின்று, “ஸ்டீபன்,” என்று கூப்பிடுகிறான். மூன்று தரம் கூப்பிடுவான்.

நான் இன்னும் எழும்பவில்லை. பிலோமினாதான் போய் மீனை வாங்குகிறாள்.