வேல்ஸ் நாட்டுப் புறம்போக்கு

வேல்ஸ் எல்லையில் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குறுநிலம் இருந்தது. அதன் வரலாற்றை யூனிஸ் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து ஐந்து வருஷமாக எழுதி முடித்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டை ஒப்படைத்தால் டாக்டர் பட்டம். தவறினால் பதிவு ரத்து.

பல்கலைக்கழக அலுவலகம் தலைப்பைக் கூர்ந்து படித்தது. ‘குறுநிலம்’ என்று இருப்பதால் விஷயம் குறு விவசாயிகள் சம்பந்தப்பட்டது என்றும், தாலுகா அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெற்று இணைக்க வேண்டியது என்றும் மேலான கருத்தைத் தெரிவித்தது.

தாலுகா அலுவலக எழுத்தர் மணிராஜ், பூசணிக்காயை எடை பார்ப்பதுபோல் ஆய்வேட்டைத் தூக்கிப் பார்த்தார்.

“நிலம் எங்கன இருக்கும்மா? ஸ்ரீவைகுண்டம் பக்கமா, சாத்தான்குளம் பக்கமா?”

“இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவுல, அண்ணாச்சி.”

“அப்ப எல்லைத் தகராறு. உரிமையாளர் யாரு?”

“குறுநில மன்னர்.”

‘மன்னர், குறு விவசாயி’ என்று எழுதிக்கொண்டார். “அவரப் பைய வரச் சொல்லு. கைரேகை வைக்கணும்.”

“அவரு செத்து எழுநூறு வருஷமாச்சு.”

“அப்ப வாரிசுச் சான்று?”

“வாரிசு இல்லாமத்தானே அண்ணாச்சி அந்த அரசே அழிஞ்சுது! நாலாவது அதிகாரமே அதுதான்.”

மணிராஜின் முகம் மலர்ந்தது. “இத மொதல்லயே சொல்லப்பிடாதா? வாரிசு இல்லாட்டா புறம்போக்கு. இப்ப அதுல யாரு இருக்கா?”

யூனிஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நான்தான் அஞ்சு வருஷமா அதுலயே கெடக்கேன்!”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். மேற்படி பெண் மேற்படி நிலத்தை ஐந்தாண்டுகளாக அனுபவித்துவருவதாக வாக்குமூலம் பதிவாகி, வியாழக்கிழமை ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தது. ஆனாலும் அரசாங்கத்துக்குக் கருணை உண்டு. ஐந்தாண்டு குடியிருந்தவர்களுக்கு இலவசப் பட்டா தர விதி இருந்தபடியால், வெள்ளிக்கிழமை பிற்பகல் அவளுக்கு மூன்று சென்ட் பட்டா கிடைத்தது. தடையின்மைச் சான்று மட்டும் கிடைக்கவில்லை. புறம்போக்குக்கு அதைத் தர விதியில்லையாம்.

வெளியே வந்தால் மனுவும் கையுமாகப் பெருங்கூட்டம். வேல்ஸில் இடம் கொடுக்கிறார்கள் என்று ஆழ்வார்குறிச்சி வரைக்கும் செய்தி போயிருந்தது. வரிசையில் முதல் ஆளாக அவளுடைய ஆய்வு வழிகாட்டி, பேராசிரியர் எபனேசர்.

“சார், சான்று தரமாட்டேங்காவ. மணி நாலாச்சு. நீங்க பல்கலைக்கழகத்துக்கு ஒரு வார்த்தை சொன்னா...”

“அது கெடக்கட்டும் யூனிஸ். அந்த ஊரு வரலாறு பூரா ஒனக்குத்தான தெரியும். தண்ணி எந்தப் பக்கம் நல்லாருக்கும்?”

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இந்த மனுஷனை நம்பியா ஐந்து வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தாள். பிறகு ஆய்வேட்டைப் பிரித்து, பின்னால் ஒட்டியிருந்த வரைபடத்தைக் கிழித்தெடுத்து விரித்தாள்.

“மேக்க நல்ல தண்ணி, சார். ஆனா கோட்டைய ஒட்டி, ரோட்டுமேல உள்ள மனைய மட்டும் கேட்டுராதீய. அது நான் எடுத்தாச்சு.”