மேனேஜர் நடித்த எபிசோடு

பதில் வாயிலிருந்து விழுந்த பிறகுதான், கேட்டவர் யார் என்பது நவநீதனுக்கு உறைத்தது.

"தேர்டு" என்று சொல்லியிருந்தான். அதோடு நிறுத்திக்கொள்ளாமல், "நடுவுல ரொம்ப லூஸ்" என்றும் சேர்த்திருந்தான்.

முழுப் பழியையும் அவன் மீது சுமத்துவது நியாயமாகாது. ஆம்பூர் பைபாஸ் ஓரத்துத் தோல் தொழிற்சாலையில், தரம் பிரிக்கும் மேசைக்கு முன்னால் வருடக்கணக்காக நிற்பவன் அவன். பதனிட்ட ஆட்டுத்தோலை விரித்து, உள்ளங்கையால் ஒரு முறை தடவி, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு, ரிஜெக்ட் என்ற நான்கில் ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த தோலுக்குப் போக வேண்டும். கை தோலின் மேல் இருக்கும்போது யார் எதைப் பற்றிக் கருத்துக் கேட்டாலும், அவன் வாய் அந்த நான்கில் ஒன்றைத்தான் எடுத்துக் கொடுக்கும். இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் தொற்றியிருந்தது. மனைவி சோபனா ஒரு நாள் தன் சாம்பாரைப் பற்றிக் கேட்டு, "செகண்ட்" என்ற பதிலைப் பெற்று, மறுநாள் முழுவதும் அவனோடு பேசாமல் இருந்திருக்கிறாள்.

இன்று காலை கேட்டவரோ மேனேஜர் ராமமூர்த்தி. அவர் கேட்டது, நேற்று ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் வந்த 'கறுப்புக் கையுறை' என்ற துப்பறியும் தொடரைப் பற்றி. நேற்றைய எபிசோடை இதே தொழிற்சாலையில்தான் படம் பிடித்திருந்தார்கள். தோல் கிடங்கில் கிடக்கும் பிணத்தை முதலில் பார்க்கிற முதலாளியாக, ராமமூர்த்தியே நடித்திருந்தார்.

"தேர்டா?" என்றார் ராமமூர்த்தி.

"இல்ல சார். வந்து..."

"லூஸுன்னு வேற சொன்னீங்க."

"தோலைச் சொன்னேன் சார்."

ராமமூர்த்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேசையின் மேல் குனிந்தார். அங்கே விரிந்து கிடந்தது, ஒரு உண்ணிக்கடித் தழும்புகூட இல்லாத, அந்த மாதத்திலேயே மிக அருமையான தோல்.

"இதுவா தேர்டு?"

"இல்ல சார். இது ஃபர்ஸ்ட்."

"அப்ப தேர்டு எது?"

நவநீதன் அந்தத் தோலை அவசரமாகத் திருப்பிப் போட்டான். ராமமூர்த்தி, "ம்" என்று ஒரே ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டுத் தன் கேபினை நோக்கி நடந்தார்.

அந்த "ம்" வேறொரு நாளில் வந்திருந்தால் நவநீதன் அதை மறந்திருப்பான். ஆனால் தரம் பிரிப்பவர்களுக்குத் தலைவரான செலக்‌ஷன் இன்சார்ஜ் வேலைக்கு யார் என்பதை இன்று மாலைக்குள் முதலாளிக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு ராமமூர்த்தியிடம் இருந்தது. பழைய இன்சார்ஜ் ஓய்வு பெற்றுவிட்டார். செகண்டையெல்லாம் ஃபர்ஸ்ட் என்று முத்திரை குத்தி அனுப்பியதால், வெளிநாட்டுக்குப் போன ஒரு சரக்கு முழுவதும் திரும்பி வந்ததுதான் அவர் செய்து வைத்துவிட்டுப் போன கடைசிச் சேவை. அந்த இடத்துக்கு இப்போது இரண்டே பேர். ஒருவன் நவநீதன். மற்றவர், பக்கத்து மேசை மக்பூல் அகமது.

நவநீதனுக்குப் பதவி ஆசை இல்லை. நாற்காலி ஆசை இருந்தது. நாள் முழுவதும் நின்று நின்று அவனுடைய கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகச் சுருண்டுகொண்டுவிட்டன. நின்றுகொண்டு செய்கிற வேலையை விடாவிட்டால் ஆபரேஷன்தான் என்று வேலூரில் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்தத் தொழிற்சாலையில், தோல் பார்க்கிறவர்களில் உட்கார்ந்து பார்க்கிற உரிமை இன்சார்ஜ் ஒருவருக்குத்தான் உண்டு.

செய்தி டெஸ்பாட்ச் வரைக்கும் பரவுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அங்கிருந்து மதியழகன் ஓடி வந்தான். மேலதிகாரிகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்தை முதல் நாளே அனுப்பிவிடுகிற பிள்ளை அவன்.

"இன்னாண்ணா இப்டிப் பண்ட்ட? நாங்கல்லாம் குரூப்புல கைதட்டு, நெருப்பு, கிரீடம்னு போட்டுத் தள்ளிக்கினு இருக்கோம். நீ மூஞ்சிக்கு நேரா தேர்டுங்கிற."

"வாய் தவறிடுச்சுடா."

"அவரு நடிச்சது கூடவா உனக்குப் பிடிக்கல?"

நவநீதன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "அதைத்தான்டா நான் பார்க்கல. நடுவுல தண்ணி வந்துடுச்சு."

மதியழகனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. முனிசிபாலிட்டி குழாயில் தண்ணீர் வந்துவிட்டால், ஆம்பூரில் அந்தத் தெருவில் வேறு எதுவும் நடக்காது. நேற்று எபிசோடு தொடங்கியபோது நவநீதனும் சோபனாவும் டி.வி. முன்னால் பக்தியோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். முதல் விளம்பரம் வருவதற்குள்ளாகவே கொலைகாரன் கணக்குப்பிள்ளைதான் என்பது நவநீதனுக்குத் தெரிந்துபோயிற்று. இன்ஸ்பெக்டர் கையுறையை முகர்ந்து பார்த்து, "இது ஆட்டுத்தோல்" என்று அறிவித்தார். அது ரெக்சின் என்பது பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த நவநீதனுக்கே தெரிந்தது. அந்த நேரத்தில் வெளியே, "தண்ணி வந்துச்சு" என்று குரல் கேட்டது. இருவரும் குடங்களோடு ஓடினார்கள். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுத் திரும்பியபோது, கணக்குப்பிள்ளை விலங்கோடு ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தான்.

"எப்டி இருந்துச்சாம்?" என்று ஈரக் கையோடு கேட்டாள் சோபனா.

"சுமார்தான்" என்றான் நவநீதன். அத்துடன் அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தான்.

"பார்த்த வரைக்கும் சார் வரல. அப்போ நடுவுலதான் வந்திருக்கணும்" என்று இப்போது மதியழகனிடம் சொன்னான். "எப்டி நடிச்சாரு, சொல்லேன்."

மதியழகன் ஒரு கணம் கூரையைப் பார்த்தான். "அழுதாருண்ணா. பாடியப் பார்த்துட்டுத் தேம்பித் தேம்பி அழுதாரு. எங்க வூட்டுல அல்லாரும் அழுதுட்டோம்."

நவநீதன் இதை நன்றியோடு மனதில் வாங்கிக்கொண்டான். ஆனால் ஒருவரை மட்டும் நம்பி இறங்குவது முறையில்லை என்று தோன்றியதால், தண்ணீர் குடிக்கிற சாக்கில், தோலைப் போட்டுச் சுழற்றிப் பதனிடுகிற டிரம் ஓடும் பக்கம் போய் அங்கிருந்தவர்களை விசாரித்தான். சார் அழவேயில்லை, பயந்து ஓடினார் என்றார்கள் அவர்கள். பாலிஷ் பக்கம் கேட்டபோது, ஓடவும் இல்லை, திரும்பி நின்று ஒரு வசனம் பேசினார் பார், அதுதான் உச்சம் என்றார்கள். என்ன வசனம் என்று கேட்டதற்கு, அதையெல்லாம் டி.வி.யில் பார்த்தால்தான் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரே காட்சியில் அழுது, ஓடி, வசனமும் பேசியிருக்கிறார் மனிதர் என்று நவநீதன் உண்மையாகவே வியந்தான்.

மேசைக்குத் திரும்பியபோது மக்பூல் அகமது ஒரு தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாய், உங்களயும் கேட்டாரா?"

"கேட்டாரு. பார்க்கல சார்னு சொல்ட்டேன்."

"அப்டியேவா சொன்னீங்க?"

"வேற எப்டி சொல்றது? வாணியம்பாடில தோஸ்த் வூட்டு நிக்காஹ். எங்க டி.வி. பார்க்கிறது?"

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

"பிரியாணி எப்டி இருந்துச்சுன்னாரு. உப்பு கம்மின்னேன். போய்ட்டாரு."

நவநீதனுக்கு அவர் மீது இரக்கமாக இருந்தது. மேனேஜர் நடித்ததைப் பார்க்காதது மட்டுமா, பார்க்கவில்லை என்று அவரிடமே சொல்லியும் விட்டார். தன் "தேர்டு" மட்டும் எப்படியாவது துடைக்கப்பட்டால், அந்த நாற்காலி தனக்குத்தான் என்று அவனுடைய கெண்டைக்கால் அவனுக்குச் சொல்லிற்று.

டிரம் பக்கம் மேற்பார்வைக்கு வந்த ராமமூர்த்தியை அவன் வழியிலேயே பிடித்தான்.

"சார், ஒரு நிமிஷம். காலையில சொன்னது எபிசோடைத்தான் சார். உங்க சீன் ஃபர்ஸ்ட்."

ராமமூர்த்தி நின்றார். "என் சீனா?"

"ஆமா சார். பாடியப் பார்க்கிற சீன்."

"நீங்க பார்த்தீங்களா?"

"ரெண்டு கண்ணால பார்த்தேன் சார்."

ராமமூர்த்தி அவனை நெடுநேரம் பார்த்தார். ஒரு கலைஞனைப் புரிந்துகொண்ட ரசிகனை அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நவநீதன் நினைத்துக்கொண்டான்.

"கேபினுக்கு வாங்க" என்றார் அவர். "நிதானமா சொல்லுங்க. நான் கேக்கணும்."

கேபினுக்குள் ராமமூர்த்தி உட்கார்ந்துகொண்டு, நவநீதனையும் உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் முதுகு பட்டவுடன் நவநீதனுக்குக் கால் வலி பாதி குறைந்துவிட்டது. டீ கொண்டுவந்த செல்லம்மாள் டம்ளர்களை வைத்துவிட்டுக் கதவருகே நின்றாள்.

"சொல்லுங்க. நான் இன்னா பண்ணேன்?"

"அழுதீங்க சார்."

"அழுதேனா?"

அந்தக் குரலில் இருந்த சந்தேகம் நவநீதனைக் கலக்கியது. மதியழகன் சொன்னது தவறோ என்ற பயத்தில் அவசரமாக அடுத்ததற்குத் தாவினான். "அழுதுக்கினே ஓடுனீங்க சார்."

"எந்தப் பக்கம்?"

"டிரம் பக்கம்."

"எனக்கு முட்டி வலியாச்சே. நானா ஓடுனேன்?"

"அதான் சார் நடிப்பு. வலி துளி கூட வெளிய தெரியல."

ராமமூர்த்தி முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இன்னும் போதவில்லை போலிருக்கிறது என்று நவநீதன் எழுந்தான். வாயால் சொல்வதை விடச் செய்து காட்டுவதே மரியாதை என்று அவனுக்குப் பட்டது. மூலையில் சாம்பிளுக்காகச் சுருட்டி வைத்திருந்த தோல் கட்டை எடுத்துத் தரையில் நீளமாகக் கிடத்தினான். அதுதான் பிணம். அதைப் பார்த்துத் திடுக்கிட்டான். நெஞ்சில் கை வைத்தான். மண்டியிட்டு, தேம்பித் தேம்பி அழுதான். பிறகு எழுந்து, முட்டி வலியை மறைத்துக்கொண்டு ஓடுகிற ஒருவர் எப்படி ஓடுவாரோ அப்படிக் கேபினை ஒரு சுற்று ஓடி வந்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அக்கவுண்ட்ஸ் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். மதியழகனின் தலையும் அங்கே தெரிந்தது.

"அப்புறம்?" என்றார் ராமமூர்த்தி.

"அப்புறம் திரும்பி நின்னு வசனம் பேசுனீங்க சார்."

"இன்னா வசனம்?"

வசனம் இன்னதென்று நவநீதனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் இவ்வளவு தூரம் ஓடி வந்த பிறகு வசனமில்லாமல் நிற்க முடியாது. தோல் கட்டைச் சுட்டிக்காட்டி, மூச்சு வாங்கியபடியே சொன்னான்.

"'ஆட்டுத்தோலுக்குத் தரம் சொல்ற என் கையிலயே ஒரு மனுஷனோட உயிரை ரிஜெக்ட் பண்ண வெச்சுட்டியேடா.'"

வெளியே யாரோ கைதட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார் ராமமூர்த்தி.

நவநீதன் இன்னொரு தடவை சொன்னான். இந்த முறை கண்ணீர் தானாகவே வந்தது.

"இதையெல்லாம் நேத்து டி.வி.ல பார்த்தீங்க."

"பார்த்தேன் சார். சோபனாவும் பார்த்தா. தண்ணி வந்துச்சு சார், போகல நாங்க. கொடம் காலியாவே கெடந்துச்சு."

ராமமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் அதைத் துடைத்தார்.

"ரொம்ப நன்றி நவநீதன். நீங்க போய் டேபிளப் பாருங்க. மக்பூல் அகமதைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

நவநீதன் பிணத்தை மீண்டும் மூலையில் நிறுத்திவிட்டு, வணங்கி விடைபெற்று, பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தான். மனம் டிரம்மைப் போலச் சுழன்றுகொண்டிருந்தது. பாய்க்கு இடம் இல்லை என்பதை நேரில், பக்குவமாகச் சொல்வதற்காகக் கூப்பிடுகிறார். பெரிய மனிதர் பெரிய மனிதர்தான்.

"பாய், சார் கூப்டறாரு" என்று மக்பூல் அகமதின் தோளை அழுத்தினான். "எது சொன்னாலும் மனசுல வெச்சுக்காதீங்க. நான் இருக்கேன்."

"இன்னா நவநீ, இவ்ளோ வேர்த்திருக்குது?"

"நடிப்புன்னா சும்மாவா பாய்?"

மக்பூல் அகமது ஒன்றும் விளங்காமல் கையைத் துடைத்துக்கொண்டு போனார். கேபின் கதவு மூடியது. கண்ணாடிக்கு அப்பால், ராமமூர்த்தி எழுந்து நின்று அவருக்குக் கை கொடுப்பது தெரிந்தது. தோற்றவருக்குக்கூட எழுந்து நின்று கை கொடுக்கிற பண்பை எண்ணி நவநீதன் நெகிழ்ந்து போனான்.

காலி டம்ளர்களோடு செல்லம்மாள் அவன் மேசைப் பக்கம் வந்தாள். போகாமல், அவனையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, நல்லா செஞ்சனா?" என்று கேட்டான் நவநீதன்.

"நெசத்தச் சொன்னவன் நீ ஒருத்தன்தான்னு, காலையில நான் டீ வெக்கிறப்போ, மொதலாளிகிட்ட போன்ல உன் பேரத்தான் சொல்லிக்கினு இருந்தாரு. டி.வி.காரங்க அவரு நடிச்சத மொத்தமா வெட்டிட்டாங்களாமே, உனக்கு மட்டும் அது எந்த டி.வி.ல தம்பி வந்துச்சு?"