கரண்ட் இல்லாமல் எரிந்த மயில்

ஈயம் உருகும் புகை எங்கே மணத்தாலும், வெள்ளவத்தைக் குறுக்குத் தெரு ஒன்றில் ரிப்பேர் கடை வைத்திருந்த அந்த மனிதர் நினைவுக்கு வந்துவிடுவார். "சுகமோ?" என்று கேட்டவரைக் கையமர்த்தி நிற்கவைத்து, தேத்தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "ஓம், சுகம்" என்று பதில் சொன்ன ஒரே ஆள் கொழும்பில் அவர்தான். "முதல் கரண்ட், பிறகுதான் கதை" என்பார். பெயரும் அதுவாகிவிட்டது: முதல்கரண்ட் அண்ணை.

கொட்டாஞ்சேனையில் எங்கள் சின்னக் கோயிலுக்கு அவர் ஒரு மயில் செய்து தந்தார். பலகை நிறையக் குட்டி விளக்குகள், அவற்றை எரிக்க நகமளவில் ஒரு சிப். விரி, சுருங்கு என்ற கட்டளை அலுவலக அறைப் பெட்டியிலிருந்து கம்பிவழி வரும்.

மூன்றாம் நாள் சிப் செத்தது. மாற்றினார். அதுவும் செத்தது.

"பழசைப் போட்டுப் பேய்க்காட்டுறியளோ, அண்ணை?" என்றார் கோயில் செயலாளர்.

அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. மறுநாள் திருவிழா, கையில் இருந்ததோ கடைசிச் சிப். அதைப் பொருத்திவிட்டு என்னிடம் கேட்டார்.

"பூசை முடிய என்ன செய்யிறனியள்?"

"மயிலின்ர சுவிச்சை நூத்துப்போட்டு வீட்ட போறனாங்கள்."

"பெட்டி?"

"அது பூட்டின அறைக்குள்ள. அது பாட்டுக்கு ஓடும்."

"எங்க, நூரும் பாப்பம்."

சுவிச்சை அணைத்தேன். மயில் அணையவில்லை. மூச்சு விடுவதுபோல மங்கலாக எரிந்தது. செயலாளர் இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். "முருகா! கரண்ட் இல்லாமலே எரியுதே!"

"அருளுமில்லை, ஒண்டுமில்லை! அறைத் திறப்பைத் தாரும், ஐயா!" என்று கத்தினார் அண்ணை. கூப்பிய கைகள் இறங்குவதாக இல்லை. செயலாளரின் வேட்டி மடிப்பிலிருந்து சாவியை உருவிக்கொண்டு அண்ணையே ஓடிப்போய்ப் பெட்டியை நிறுத்தினார். மயில் அணைந்தது. சிப் தப்பியது.

"பாவமடா அது," என்றார், இரைக்க இரைக்க. "கரண்டெண்ட சோறில்லாமல் கிடக்கிறதின்ர காதுக்குள்ள விடிய விடியக் கட்டளை போடுறியள். அது, காதால வாறதையே சோறெண்டு நினைச்சு இழுக்குது. காது அவ்வளவு தாங்குமே? வெந்துபோகும்."

ஏற்றும்போது மயில் முதல், அணைக்கும்போது பெட்டி முதல் என்று அறைக் கதவில் சோக்கால் எழுதினார். திருவிழாவன்று தோகை விரிந்தபடியே இருந்தது. அடுத்த நாள் காலை செயலாளர் ஃபிளாஸ்க்கோடு அவர் கடைக்குப் போய், தேத்தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை வாயே திறக்காமல் நின்று, அதன்பிறகுதான் மன்னிப்புக் கேட்டாராம்.

இந்த வருடம் அண்ணை மகளிடம் கனடாவுக்குப் போனார். விடிய ஐந்து மணிக்கு, விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நெடுநாள் சேர்த்துவைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார். வழிக்கென்று கட்டியிருந்த ரொட்டிப் பார்சலை என் கையில் திணித்தார்.

"வெறும் வயித்தில ஒண்டும் சொல்லாத, தம்பி. முதல் சாப்பிடு."