உள்ளேன் அம்மா

புதன்கிழமை, சாயங்காலம்

என் மதிப்புக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய அக்கா ஓர்த்தென்சியா அவர்களுக்கு,

தம்பி எலிசியோ பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் ராமிரோ அத்தானும் பிள்ளைகளும், போன மாதம் காலில் முள் தைத்த நாயும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் பியூட்டி பார்லரில் புதிதாக வாங்கிய நாற்காலி இப்போதாவது கிறீச்சிடாமல் சுற்றுகிறதா என்று அறிய ஆவல். இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் தாங்கள் ஒன்பது வரி சொல்லிவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. எனவே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை அத்தானின் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு வரவும். தாங்கள் வற்புறுத்திக் கொடுத்தனுப்பிய அந்த மேஜை என் காரில் ஏறாது. நான் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன். விலகல் படிவம் கொடுக்க வெள்ளிக்கிழமை நாலு மணி வரை நேரம் இருக்கிறது. சில்வேரா முதலாளியிடம், பாதாம் மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய காய்களைத் தட்டுகிற வேலைக்கு ஓர் ஆள் கூடுதலாக வருவான் என்று ஒரு வார்த்தை போட்டு வைக்கவும்.

கோபப்படாதே அக்கா. பார், ‘தாங்கள்’ ஒரு பத்திக்கு மேல் தாங்கவில்லை. எனக்குத் தெரியும், நீ மாதாகோயில் முழுக்கச் சொல்லிவிட்டாய். என் தம்பி பகலில் பாடமும் ராத்திரி பாதாம் ஆலையுமாக நம்ம ஊர் சமுதாயக் கல்லூரியின் ரெண்டு வருஷப் படிப்பை ஆறே வருஷத்தில் முடித்து, நாற்பத்து மூன்று வயதில் பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷத்தில் சேர்ந்திருக்கிறான் என்று. போதாக்குறைக்கு என் போட்டோவைப் பார்லர் கண்ணாடிக்கு மேலே மாட்டி, ஈரத்தலையோடு உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரையும் பார்க்க வைத்திருக்கிறாய். அதைக் கழற்றும்போது சுவரில் தெரியப்போகிற வெளுத்த சதுரத்தை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

ஆனால் இங்கே நடந்ததை நீ முழுசாகக் கேட்க வேண்டும். முதல் குற்றவாளி மூடுபனி. நம்ம பக்கத்து வெயிலில் பத்து மைல் தள்ளி இருக்கிற தண்ணீர்த் தொட்டிகூடத் துல்லியமாகத் தெரியும். இங்கே பனி கடலிலிருந்து எழுந்து மலையேறி வந்து, கார் நிறுத்துமிடத்தில் எனக்கு முன்னாலேயே இடம் பிடித்துவிடுகிறது. பல்கலைக்கழகம் என்றால் ஒரு பெரிய கட்டடம் இருக்கும், அதற்கு ஒரு வாசல் இருக்கும், வாசலில் ஒருத்தர் உட்கார்ந்துகொண்டு ‘யாரைப் பாக்கணும்?’ என்று கேட்பார் என்றுதானே நாம் நினைத்தோம்? இங்கே இருப்பது காடு அக்கா. அண்ணாந்து பார்த்தால் உச்சி தெரியாத ரெட்வுட் மரங்கள், நடுநடுவே வகுப்புகள், பள்ளத்துக்கு மேலே மரப்பாலங்கள். பாலத்தில் பாதி தூரம் போனதும் முன்னாலும் பாலம் இல்லை, பின்னாலும் பாலம் இல்லை. நானும் என் சாப்பாட்டுப் பையும் மட்டும் அந்த வெண்மைக்குள் நிற்கிறோம். பயமாகவே இல்லை, அதுதான் ஆச்சரியம். யாரோ என் கையைப் பிடித்துத் தூக்கத்திலேயே எங்கோ கூட்டிப்போகிற மாதிரி இருந்தது. அரை மணி நேரம் அப்படியே நின்றிருப்பேன். அப்புறம்தான் வரலாற்று வகுப்புக்கு நேரமானது ஞாபகம் வந்து, கண்ணில் பட்ட முதல் கதவுக்குள் ஓடினேன்.

நானூறு பேர் உட்காருகிற மண்டபம். விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் ஒரு திமிங்கிலத்தைக் காட்டினார்கள். சரி, பெரிய இடம், வரலாற்றை ஆதியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நானும் எழுத ஆரம்பித்தேன். பதினோரு பக்கம் எழுதினேன். பெரிய மீன் தூங்கும்போது பாதி மூளை மட்டும்தான் தூங்குமாம், மற்றப் பாதி விழித்திருந்து ‘மூச்சு விடு, மூச்சு விடு’ என்று ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்குமாம். (அது மீனே இல்லை என்பது பன்னிரண்டாம் பக்கத்தில்தான் வந்திருக்கும், நான் பதினோராம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்.) ஆலையில் ஆறு வருஷம் நான் படித்ததும் அப்படித்தானே என்று தோன்றி அந்த இருட்டில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த வகுப்பிலும் திமிங்கிலம் போகவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம், “ஏம்மா, இதுல மனுஷங்க எப்ப வருவாங்க?” என்று கேட்டேன். “இது கடல் உயிரியல்” என்றாள்.

உனக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்ம கல்லூரியில் முதல் நாள் பேர் கூப்பிடும்போது ‘உள்ளேன்’ என்று குரல் வராவிட்டால் என்ன ஆகும்? அங்கேயே பேரை வெட்டிவிட்டு, சுவரோரமாக ஏக்கத்தோடு நிற்கிற காத்திருப்புப் பட்டியல் ஆளை அந்த இடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். நானே மூன்று தடவை அப்படிச் சுவரோரம் நின்று இடம் வாங்கியவன். இங்கேயோ திமிங்கிலத்தைப் பார்த்துக்கொண்டு ரெண்டு வரலாற்று வகுப்பைக் கோட்டை விட்டிருக்கிறேன். ஆகவே ரெண்டாவது வாரம், அதேபோல நானூறு பேர் உட்காருகிற சரியான மண்டபத்தைக் கண்டுபிடித்து, பாடம் முடிந்ததும் அத்தனை படிகளையும் இறங்கி, பேராசிரியை ஹால்வர்சன் அம்மாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். அறுபது வயது இருக்கும், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார்.

“எலிசியோ பரகான். உள்ளேன் அம்மா.”

“ரொம்ப சந்தோஷம்” என்றார். ஒரு மாதிரி பார்த்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வகுப்பு முடிந்ததும் மறுபடி போனேன். மூன்றாவது தடவை, “ஏதாவது சந்தேகம் கேக்கணுமா, மிஸ்டர் பரகான்?” என்றார். “சந்தேகம் ஒண்ணும் இல்லம்மா. ஆளு இருக்கேன், அவ்வளவுதான்” என்றேன். கொஞ்சம் யோசித்தார். பையைத் துழாவி ஒரு பச்சை நோட்டை எடுத்து, தேதி போட்டு, என் பேரை எழுதினார். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்கு அடுத்த தடவை என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். “அங்கிள், இங்க பேர் குடுக்கணுமா? என்கிட்ட யாருமே சொல்லல!” பா கூ என்று மோங் இனத்துப் பெண் ஒருத்தி, இருபத்து மூன்று வயது, அவளும் நம்ம பள்ளத்தாக்குக்காரிதான், வேறொரு ஊர் சமுதாயக் கல்லூரியிலிருந்து வந்தவள். “குடுக்கலைன்னா வெட்டிடுவாங்களேம்மா” என்றேன். “ஐயோ, எங்க ஊர்லயும் அப்படித்தான்! மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல” என்றாள். அவளுக்குப் பின்னால் டெல்பர்ட், வடக்கே மர லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், என்னைவிட ஏழு வயது பெரியவர். “நீங்க எதுக்கு நிக்கிறீங்க?” என்று பா கூ கேட்டதற்கு, “வரிசையைப் பாத்தா நின்னுடுவேன் தாயி. எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம்” என்றார். ஐந்தாவது வாரத்தில் ஒன்பது பேர் ஆகிவிட்டோம். அத்தனை பேரும் எங்கேயோ ஒரு சின்னக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கே மாறி வந்தவர்கள், ஒருத்தருக்கொருத்தர் முன்பின் தெரியாதவர்கள்.

ஒன்று சொல்கிறேன் கேள். நம்ம கல்லூரியில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் எல்லாரும் என்ன செய்வோம்? காரில் போய் உட்கார்ந்து சாப்பிடுவோம், காரிலேயே படிப்போம், காரிலேயே ஒரு குட்டித் தூக்கம் போடுவோம். இங்கேயும் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வரிசையில் நின்று பேசும்போதுதான் தெரிந்தது, ஒன்பது பேரும் அதே மேட்டு நிறுத்துமிடத்தில், அதே பனிக்குள், பக்கத்துப் பக்கத்துக் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தனித்தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அன்றைக்கு டெல்பர்ட் தன் பழைய வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டார். பா கூவின் ஒட்டுச்சோறும் மிளகாய்த் துவையலும், என் பீன்ஸும் டார்ட்டியா ரொட்டியும். பனி கலைந்து தூரத்தில் கடல் ஒரு கோடு போலத் தெரிந்தது. எனக்கு இந்த இடம் பிடித்துவிட்டது அக்கா, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அதற்குள்ளே தேர்வு வேறு வந்துவிட்டது. நம்ம கல்லூரியில் நாலாவது வாரத்தில் வாத்தியார் பேரே மனசில் நிற்காது. இங்கே மொத்தப் பருவமே பத்து வாரம், நாலாவது வாரத்தில் பாதிப் பாடத்துக்குத் தேர்வு. நூற்றுக்கு அறுபத்தொன்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன வியாழக்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஹால்வர்சன் அம்மா ஏதோ மாநாட்டுக்குப் போயிருந்தார். அவருக்கு உதவியாக வரும் ஆராய்ச்சி மாணவன் ப்ரெஸ்டன் பாடம் எடுத்தான். முடிந்ததும் நாங்கள் வழக்கம் போல வரிசையில் நின்றோம். அவன் மைக்கிலேயே சொல்லிவிட்டான். “ஒரு அறிவிப்பு. இந்த வகுப்புல வருகைப் பதிவுன்னு ஒண்ணு கிடையாது. எப்பவுமே கிடையாது. தயவு செஞ்சு முன்னாடி வரிசை கட்டாதீங்க.” நல்ல பையன்தான், குத்திக் காட்டிச் சொல்லவில்லை. ஆனால் நானூறு பேரும் சிரித்தார்கள். பா கூ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். டெல்பர்ட் தொப்பியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு, “சரி, ஒரு வரிசை மிச்சம்” என்றார், ஆனால் அவரும் தன் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். எட்டுப் பேரை நான் முட்டாளாக்கிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாகப் பேரை வெட்டிவிடுவார்களோ என்று பயந்தேன். இங்கே வெட்டுவதற்கும் ஆள் இல்லை, கூப்பிடுவதற்கும் ஆள் இல்லை. நான் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றுதான், எழுந்து போனாலும் ஒன்றுதான். நேற்று செவ்வாய்க்கிழமை, காரில் வந்து நிறுத்துமிடம் வரைக்கும் வந்துவிட்டேன். இறங்க முடியவில்லை. பனி கண்ணாடியில் வந்து படிந்து படிந்து மரம் மறைந்தது, அப்புறம் வேலி, அப்புறம் என் காரின் முன்பக்கமே மறைந்தது. நானும் கொஞ்சம் கொஞ்சமாக மறைவது போலத்தான் இருந்தது, சுகமாகக்கூட இருந்தது. கண் விழித்தபோது வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. திரும்பி வந்து படிவத்தைப் பூர்த்தி செய்தேன். விலகக் காரணம் என்று கேட்டிருந்தார்கள். ‘மூடுபனி’ என்று எழுதினேன்.

ஆகவே அக்கா, தயவுசெய்து திட்டாமல் வரவும். அத்தானுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் முத்தம், நாய்க்கு ஒரு தடவல், பார்லருக்கு வரும் அத்தனை ஈரத்தலைகளுக்கும் என் மன்னிப்பு. கடவுள் உன் கைகளையும் கத்தரிக்கோலையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் பெருமையாக இருக்க முயன்ற தம்பி,
எலிசியோ

பி.கு.: வியாழக்கிழமை, மாலை. அக்கா, வண்டியை எடுக்காதே.

இன்றைக்கு வகுப்புக்குப் போகிற எண்ணமே இல்லை. பா கூவின் குறிப்பு நோட்டு என்னிடம் இருந்தது, இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் ஊரை விட்டுப் போகக் கூடாது என்றுதான் போனேன். கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்தேன். பாடம் முடிந்தது, எல்லாரும் எழுந்தார்கள். ஹால்வர்சன் அம்மா மைக்கை அணைக்காமல், “கொஞ்சம் உக்காருங்க” என்றார். பச்சை நோட்டை மேஜைமேல் விரித்தார்.

“போன வாரம் ப்ரெஸ்டன் சொன்னது சரிதான், இங்க வருகைப் பதிவு கிடையாது. ஆனா முப்பது வருஷமா இந்த மண்டபத்துல இருட்டைப் பாத்துப் பாடம் நடத்துறேன். யாரு இருக்கீங்க, யாரு இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சதே இல்ல. இந்த அஞ்சு வாரத்துல ஒன்பது பேரைத் தெரிஞ்சுக்கிட்டேன். செவ்வாய்க்கிழமை நோட்டு காலியா இருந்தது. எனக்கு நல்லாவே இல்ல.” கழுத்துக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “எலிசியோ பரகான்.”

என் பேர் அந்த மண்டபம் முழுக்கச் சுற்றி வந்தது அக்கா. அது என் பேர்தான் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் எங்கிருந்தோ பா கூ, “மேல கதவுகிட்ட இருக்காரும்மா! ஓடப் பாக்கறாரு, பிடிங்க!” என்று கத்தினாள். நானூறு தலையும் திரும்பியது. எழுந்து நின்றேன்.

“உள்ளேன் அம்மா.”

“செவ்வாய்க்கிழமை ஏன் வரல?”

“வந்தேம்மா. கார்லயே உக்காந்துட்டேன்.”

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்கு முன் வரிசையில் ஒரு சின்னப் பெண், நேராகப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், மெதுவாக, “நானும் ஒரு நாள் அப்படித்தான்” என்றாள். ஹால்வர்சன் அம்மா நோட்டில் ஏதோ எழுதினார். “கார் வரைக்கும் வந்ததுக்கு அரை நாள். அடுத்த செவ்வாய்க்கிழமை?”

“வர்றேம்மா” என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை அக்கா, வாய் தானாகச் சொல்லிவிட்டது, அதுவும் நானூறு சாட்சி முன்னால். அடுத்து பா கூ, அப்புறம் டெல்பர்ட் என்று ஒன்பது பேரையும் கூப்பிட்டார். நோட்டை மூடப்போனபோது அந்தச் சின்னப் பெண் எழுந்து மேஜைக்கு இறங்கிப் போய், “என் பேரையும் எழுதிக்குவீங்களா?” என்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை படியேறிக் கதவு வரைக்கும் வந்துவிட்டது. டெல்பர்ட் பார்த்தார். “இப்ப மறுபடி கடைசியில போய் நிக்கணுமா?” என்றார்.

சில்வேரா முதலாளியிடம் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல். மேஜை இங்கேயே இருக்கட்டும், பத்தாவது வாரத் தேர்வுக்கு எட்டுப் பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து படிக்கப் போகிறோம், டெல்பர்ட் நிற்பாராம். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு இதை மட்டும் அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். பா கூதான் விடவில்லை. “முழுசா அனுப்புங்க அங்கிள். உங்க அக்கா திட்டுறதுக்கு ஏதாவது வேண்டாமா?” என்கிறாள்.