வரதராசா அனுப்பிய மாப் பாத்திரம்

ஓல்டன், சுவிஸ்,
பங்குனி 24.

அன்புத் தம்பி வரதராசாவுக்கு,

அக்கா சந்திரமதி எழுதுவது. முழங்கால்கள் இரண்டையும் விட்டுவிட்டுப் பார்த்தால் நான் நலமாகவே இருக்கிறேன். பூம்ப்ளிஸில் நீயும் உன் குடும்பமும் நலமென்று எடுத்துக்கொள்கிறேன். நலமில்லாவிட்டால் இதற்குள் நான்கு தரம் தொலைபேசியில் சொல்லியிருப்பாய்.

தைப்பொங்கலுக்கு நீ அனுப்பிய பாத்திரத்துக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. மா எப்படிப் புளித்தது என்று மூன்று தரம் கேட்டாய். தொலைபேசியில் நீ என்னை ஒரு வசனத்தையும் முடிக்க விடுவதில்லை. அத்தோடு, ஓல்டனில் குண்டு வெடித்ததாம், தமிழ் ஆட்கள் தரையில் கிடந்தார்களாம் என்று உங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி உலாவுவதாகவும் அறிந்தேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதைப் படம் பிடித்துக் குழுவில் போடாதே.

முதலில் பாத்திரம். முப்பது லீற்றர் வாளி, இறுக்கமான மூடி, அடியில் ஒரு குழாய், பக்கத்தில் வெப்பநிலை காட்டும் பட்டி, மூடியின் மேல் காற்று வெளியேற ஒரு வளைந்த குழல். பழைய சாமான் கடையில் இதைக் கண்டதும், இந்த நாட்டுக் குளிரில் தோசை மா புளிக்காமல் அவதிப்படும் அக்காவுக்கென்றே சுவிஸ்காரர் இதைச் செய்திருக்கிறார்கள் என்று நீ முடிவுகட்டியதை நான் குறைகூறவில்லை. முப்பது லீற்றர் மாவைத் தனிக்கிழவி ஒருத்தி எத்தனை மாதம் தின்பாள் என்று நீ யோசிக்கவில்லை. தோசை மாவைக் குழாய் திறந்தா பிடிப்பார்கள் என்றும் யோசிக்கவில்லை. அவற்றையும் மன்னித்துவிட்டேன். மூடியைத் திறந்து பார்த்திருந்தால், யாரோ பிரிக்காமலே கொடுத்துவிட்ட மால்ட் பாகுத் தகரமும், ஹொப்ஸ் பூப் பொட்டலமும், ஈஸ்ட்டும், ஒரு கையேடும் உன் கண்ணில் பட்டிருக்கும். தம்பி, அது வீட்டில் பியர் காய்ச்சும் பாத்திரம்.

பேராதனையில் இரசாயனம் படித்து, பதினாறு வருடம் அதைப் படிப்பித்து, பிறகு இங்கே முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பத்தொன்பது வருடம் தட்டுக் கழுவியவள் நான். ஒரு வெப்பமானியை மரியாதையோடு கையில் பிடிக்க இன்னொரு சந்தர்ப்பம் வாய்க்குமென்று நினைத்திருக்கவில்லை. எனவே மாவை மறந்து கையேட்டை வாசித்தேன். இருபது லீற்றர் கொதிநீரை ஒருத்தியால் தூக்க முடியாது என்பது ஏழாம் பக்கத்தில் தெரியவந்தது. எதிர் வாசலைத் தட்டினேன்.

எதிர் வாசல் அன்னமலரை உனக்கு நினைவிருக்கும், மன்னார்க்காரி. கார்த்திகையில் அவளுடைய கணவர் கிறகோரி காலமானார். அதன்பிறகு அவள் பூசைக்குப் போவதைத் தவிர வெளியே வரவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த சூப்பை மறுநாள் அதே மட்டத்தில் திருப்பித் தந்தாள். மகன் யூட் எம்மன்புரூக்கேயிலிருந்து வந்து, வீட்டைக் காலி செய்யும் அறிவித்தலை அழகாகத் தட்டச்சு செய்து, குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போனான். அவள் ஒப்பமிட வேண்டியதுதான் பாக்கி. பங்குனி முடிவதற்குள் அது வாடகை வீட்டு முகாமைக்குப் போய்ச் சேர வேண்டும். தன் வீட்டில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் கிடக்கும் அறையை அம்மாவுக்கென்று ஒதுக்கியிருந்தான். யூட் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகள்தான் இந்த வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்வார்கள்.

என் கருத்தை நீ அறிவாய். மகன் எவ்வளவு நல்லவனானாலும் அவன் வீட்டில் தாய் ஒரு நீண்ட விருந்தாளி. மனிதருக்குத் தன் கதவு, தன் அடுப்பு, தன் மௌனம் வேண்டும். இருபத்திரண்டு வருடம் தனியாக வாழ்ந்து, அதில் ஒரு நாளையும் எவருக்கும் விட்டுக்கொடுக்க விரும்பாதவள் நான். ஆனால் தனிமையாக இருப்பதற்கும் எதிர் வாசலில் ஓர் ஆள் வேண்டும். அவள் போய்விட்டால் இந்த மாடியில் நான் தமிழில் ஏசுவதற்கு ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். ஆகவே நான் செய்தது தொண்டு என்று எங்கும் சொல்லாதே.

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. "அன்னமலர், ஒரு மணித்தியாலம் அகப்பை பிடிக்க ஆள் வேணும், வாறீரோ" என்று மட்டும் கேட்டேன். வந்தாள். பானைக்குள் எட்டிப் பார்த்து, மணந்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு வருசம் அந்த மனுசன்ர போத்திலை ஒளிச்சு வைச்சன் அக்கா. இப்ப நானே காய்ச்சிறதோ?"

"இனி ஒளிக்கத் தேவையில்லைத்தானே. அடிப்பிடிக்கப் போகுது, கிண்டும்."

கிண்டினாள். மறுநாள் காலை மூடியின் குழலில் குமிழி வரத் தொடங்கியது. அதைப் பார்க்க வந்தவள், அடுத்தடுத்த நாட்களும் வந்தாள். நிமிடத்துக்குப் பதினான்கு குமிழி, பதினேழு குமிழி என்று எனக்கு அறிக்கை தந்தாள். நான்காம் நாள் தன் பாண் துண்டையும் சம்பலையும் கொண்டுவந்து வாளிக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள். நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, காட்டியிருந்தால் நிறுத்தியிருப்பாள்.

இரண்டு கிழமையில் போத்தலில் அடைக்கும் நாள் வந்தது. தம்பி, இந்தக் கட்டத்தில் கொஞ்சம் சீனி சேர்க்க வேண்டும். மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை உண்டாக்கும், நுரை அதனால்தான். கூடினால் நுரையோடு நிற்காது, போத்தலே போய்விடும். நான் தராசில் கிராம் கணக்காக நிறுத்துச் சேர்த்தேன். அன்னமலர் ஆயுளில் எதையும் நிறுத்துச் சமைத்தவளல்ல. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கைக்குது என்றாள். பியர் கசக்கத்தான் வேண்டும் என்றேன். அன்று என் சலவை நாள். கட்டடத்தின் சலவை அறை எனக்கு மூன்று கிழமைக்கு ஒரு தரம்தான் கிடைக்கும்; அதைப் பியருக்காக இந்த நாட்டில் எவரும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். நான் உடுப்புக் கூடையோடு கீழே போன நேரத்தில், மன்னாரிலிருந்து வந்த பனங்கட்டியை உடைத்து, நாற்பது போத்தலிலும் ஒவ்வொரு துண்டு போட்டு மூடிவிட்டாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. போத்தல்களை அவளுடைய வரவேற்பறை அலுமாரிக்குள் அடுக்கினோம். சூடேற்றிக்குப் பக்கத்தில் நிற்கும், மேலே மடு மாதா சொரூபம் வைத்திருக்கும் அந்த அலுமாரிதான்.

தவக்காலத்து ஞாயிறொன்றின் பிற்பகல் அந்த அறையில் செபமாலை. அன்னமலரும் நானும் சேர்த்துப் பதினொரு பேர், எல்லோரும் எழுபதை ஒட்டியவர்கள். சைவ சமயத்தவளான நான் மீன் ரோல்ஸுக்காகப் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. யூட்டும் வந்திருந்தான், சட்டைப் பையில் பேனையோடு. செபம் முடிந்ததும் ஒப்பம் என்று ஏற்பாடு. அன்னமலர் தலையாட்டியிருந்தாள். ஐந்து மாதமாக எல்லாவற்றுக்கும் அப்படித்தான் தலையாட்டுகிறாள்.

செபமாலையின் மூன்றாம் பத்துமணி சொல்லும்போது முதற் போத்தல் வெடித்தது.

வரதராசா, அந்தப் பதினொரு பேரும் ஒரு மாடி ஏறுவதற்கும் லிஃப்டுக்குக் காத்து நிற்பவர்கள். ஆனால் முதல் வெடிக்கும் இரண்டாம் வெடிக்கும் இடையில் நாங்கள் எல்லோரும் குப்புறக் கிடந்தோம்: ஜன்னலுக்கு விலகி, காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல் முழங்கையை ஊன்றி. ஊரில் குண்டுவீச்சுக்குப் படுத்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் ஒருவரும் ஒரு விதியையும் மறக்கவில்லை. நானும்தான். மாதா அசையவில்லை. யூட்டும் அசையவில்லை; இந்த நாட்டில் பிறந்தவன், தரையெல்லாம் கிழடுகளாகக் கிடப்பதைப் பார்த்தபடி, கையில் அறிவித்தலோடு நடுவில் நின்றான்.

மேசைக்கடியிலிருந்து அன்னமலர் சொன்னாள்: "விழுந்து படுடா யூட்."

"அம்மா," என்றான் அவன், "அலுமாரியால பியர் வடியுது."

 பிறகு மேசைக்கடியில் ஒரு சத்தம் கேட்டது. மூக்கால் வருகிற, ஒரு அழகுமில்லாத சிரிப்பு. கார்த்திகைக்குப் பிறகு அவளிடமிருந்து நான் கேட்ட முதற் சிரிப்பு. அதன்பிறகு பதினொரு பேரும் தரையில் கிடந்தே சிரித்தோம். விழ ஒரு விநாடி போதுமாயிருந்தது. எழும்பக் கால் மணித்தியாலம் எடுத்தது. யூட் ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை அமைதியைக் குலைத்ததைப் பற்றிப் பேச, கட்டடப் பராமரிப்பாளர் மேலே வந்தார். வாசலில் நின்று மணந்து பார்த்தார். பேச வந்ததை மறந்து உள்ளே வந்து, மிஞ்சிய முப்பத்திரண்டு போத்தலையும் துவாயால் மூடிக் குளியல் தொட்டிக்குள் வைத்து ஒவ்வொன்றாக வாயு திறந்துவிட உதவினார். ஒன்றை ஊற்றிக் குடித்துப் பார்த்தார். "நிட் ஷ்லெக்ட்," என்றார். மோசமில்லை என்று அர்த்தம். இந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு இல்லை. பனங்கட்டி வாசம் அந்தக் கசப்புக்கு நன்றாகவே பொருந்தியிருந்தது என்பதை, இரசாயனப் பட்டதாரி என்ற முறையில் எனக்கு ஒப்புக்கொள்ள விருப்பமில்லை.

அவர் போனபின் யூட் அந்த அறிவித்தலை மேசையில் விரித்தான். அன்னமலர் பேனையைத் தொடவில்லை.

"இப்ப ஏலாது மோனை. அடுத்தது காய்ச்ச வேணும்."

"அங்கயும் காய்ச்சலாம் அம்மா."

"எலேனான்ர அலுமாரிக்குள்ளயோ?"

தன் மனைவியின் அலுமாரியை யோசித்துப் பார்த்தான் போலிருக்கிறது. அறிவித்தலை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு போத்தலைக் கொண்டுபோனான்.

ஆகவே தம்பி, நன்றி. இந்த முறை அதை முழு மனதோடு எழுதுகிறேன். நீ யோசித்து வாங்கித் தந்த ஒரு பொருளும் இந்த எழுபத்தைந்து வயதில் எனக்கு உதவியதில்லை. யோசிக்காமல் வாங்கிய இந்த ஒன்று ஒருத்தியை அவளுடைய சொந்த வீட்டில், அவளுடைய கதவுக்குப் பின்னால் இருத்தியிருக்கிறது. என்னையும் என்னுடைய கதவுக்குப் பின்னால் நிம்மதியாக இருத்தியிருக்கிறது. இரண்டு கதவும் எதிரெதிரே இருப்பதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் இல்லை.

உனக்கும் உன் வீட்டாருக்கும் தேகசுகமும், அளவான பசியும், நீண்ட ஆயுளும் கிடைக்க வேண்டும். நீரிழிவு மாத்திரையை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அக்கா
சந்திரமதி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அன்னமலர் வந்தாள். அந்த அறிவித்தலில் ஒப்பமிட்டு இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டாளாம். யூட்டிடம் போகிறீரோ என்று கேட்டேன். "இல்லை அக்கா, உங்கட சின்ன அறைக்கு. வாளியைத் தூக்கிக்கொண்டு ரண்டு வீட்டுக்கும் நடக்க ஏலாது" என்றாள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. என்னுடைய இருபத்திரண்டு வருடத்தை அவளுக்கு விளக்கினேன். சேலைத் தலைப்பால் என் சுவரை அளந்தபடியே மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மாத அறிவித்தலாம்; ஆனி கடைசியில் உன் வான் வண்டியைக் கொண்டு வா, அந்த அலுமாரி பாரமானது. கதவுகளைப் பற்றி மேலே எழுதியதை வாசிக்காமல் விடு. கடிதத்தைத் திருப்பி எழுத நேரமில்லை. ஜன்னல் பக்கக் கதிரை தனக்கு என்கிறாள், அதைப் போய்த் தடுக்க வேண்டும்.