மச்சான் தலையில் ஒளிவட்டம்

கண் சிவந்தவன் வெளியே தலைகாட்டினால் போதும், எதிரே வருகிறவர்கள் எல்லோரும் டாக்டராகிவிடுவார்கள். ஏலமலையில், சக்குபள்ளத்தில் எனக்கு இடது கண் சிவந்தபோது ஒருவர் இளநீர் விடச் சொன்னார். இன்னொருவர் நந்தியாவட்டைப் பூவை ஒத்தி எடுக்கச் சொன்னார். மூன்றாமவர், கறுப்புக் கண்ணாடி போட்டால் எனக்கு எடுப்பாக இருக்கும் என்றார். (அதை மட்டும் உடனே கேட்டுக்கொண்டேன்.)

நான் அப்போது ஏலக்காய் ஸ்டோரில் சூப்பர்வைசர். காய் உலர்த்தும் இடத்துப் புகைதான் காரணம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வெளிச்சம் பட்டால் கண் கூசியது. உள்ளே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல வலித்தது.

"கம்பத்துக்கு எறங்கிப் போயி டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்களேன்" என்று என் மனைவி ரோஸ்மேரி தினமும் சொன்னாள். மாதா கோயில் திருவிழா முடியட்டும் என்றேன். திருவிழாவில் மைக் என் கையில். அதை இன்னொருவனிடம் கொடுப்பதற்குக் கண்ணையே கொடுத்துவிடலாம் என்று நினைக்கிற வயது.

இருட்டத் தொடங்கியதும் மாதா சொரூபத்துக்கு மேலே விளக்கைப் போட்டார்கள். நன்றியுரையின் நடுவே கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன். மாதாவின் தலையைச் சுற்றி ஏழு நிறத்தில் ஒரு வட்டம்! உடம்பெல்லாம் புல்லரித்தது. பக்கத்தில் நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மைக் கையில் இருக்கும்போது யார் கேட்பார்கள்?

"எல்லாரும் பாருங்க! மாதா தலையச் சுத்தி வானவில்லு!"

கூட்டம் மொத்தமும் முழங்காலிட்டது. சிலர் அழுதார்கள். ஒருவர் தனக்கும் தெரிவதாகச் சத்தியம் செய்தார். (பெயரைச் சொல்ல மாட்டேன். இன்றும் எனக்கு டீ வாங்கித் தருகிறவர்.) பங்குச்சாமியார் மட்டும் மாதாவைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ரோஸ்மேரியின் அண்ணன் சூசை வந்தார். எஸ்டேட் வாட்ச்மேன். தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் தள்ளாடியபடி வந்தார். அவர் தலையைச் சுற்றியும் அதே ஏழு நிற வட்டம்! மாதாவுக்கு இருந்ததைவிட ஒரு சுற்றுப் பெரியது. மைக்கை அணைக்காமலே சொல்லித் தொலைத்தேன்.

"ரோஸு, மச்சான் தலையிலயும் தெரியுது!"

முன்வரிசையில் இருந்து அவள் எழுந்தாள். "எங்க அண்ணன் தலையிலயா? அப்பக் கோளாறு உங்க கண்ணுலதான். எறங்கி வாங்க கீழ!"

முழங்காலில் இருந்த கூட்டம் சிரித்துக்கொண்டே எழுந்தது. எனக்குத் தலை வெடிப்பதுபோல் இருந்தது. மேடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

மறுநாள் காலை கம்பம்மெட்டு வழியாக மலை இறங்கினோம். கண் டாக்டரம்மா ஏதோ கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு" என்றார்.

"இனிமே உப்பக் குறைச்சுக்கிறேன் டாக்டர்" என்றேன் பணிவாக.

அவர் சிரித்துவிட்டார். "அது ரத்தத்துல ஏறுற பிரஷர். இது கண்ணுக்குள்ள. உள்ள எந்நேரமும் தண்ணி மாதிரி ஒண்ணு ஊறி, சல்லடை மாதிரி ஒரு வழியா வடிஞ்சுக்கிட்டே இருக்கும். உங்களுக்கு உள்ளயே அழற்சி. அந்தக் கசடு சல்லடைய அடைச்சிருச்சு. ஊறுறது நிக்கல, வடியுறது நின்னுபோச்சு. அந்த அழுத்தம் பின்னால இருக்குற நரம்பை நசுக்குது. கிளாக்கோமா. விளக்கச் சுத்தி வட்டம் தெரிஞ்சதும் இந்த அழுத்தத்தாலதான்."

ரோஸ்மேரி என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தாள். "பார்வை போயிருமா டாக்டர்?"

"ஓரத்துல கொஞ்சம் போயிருச்சு. அது திரும்பாது. மருந்த விடாம போட்டா, மிச்சத்தக் காப்பாத்திரலாம்."

திரும்ப மலை ஏறுகையில் பஸ் ஜன்னல் வழியே தெரிந்த ஒவ்வொரு மரத்தையும் எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மிச்சத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். அழற்சி அடங்கியது, அழுத்தம் இறங்கியது. இன்றும் ராத்திரி ரோஸ்மேரிதான் சொட்டு மருந்து விடுகிறாள். நான் அண்ணாந்து, அவள் முகத்தைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். எனக்கு அது போதும்.

ஒன்றுதான் சரியாகவில்லை. டாக்டரம்மா அவ்வளவு விளக்கியும், எதற்கும் இருக்கட்டும் என்று ரோஸ்மேரி அன்றே உப்பில் கைவைத்துவிட்டாள். குழம்பு சப்பென்று இருந்தால் எங்கள் பிள்ளைகள் இன்றைக்கும் குறை சொல்வதில்லை. கரண்டியைத் தூக்கிப் பிடித்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்:

"அம்மா, இது சோத்துக்கா, அப்பா கண்ணுல விடுறதுக்கா?"