நாலு பேர் இருக்கும் வீடு

கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்னால் அதைத் தராசில் வைத்துப் பார்த்தார் எடை இன்ஸ்பெக்டர். பதினெட்டு கிராம். மின்சார பில் என்றால் ஐந்தைத் தாண்டாது. வேறு எதுவும் அவர் பெயருக்கு வந்து வெகு நாளாகிறது.

அவர் ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியும் அந்தத் தெருவில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. முப்பத்திரண்டு வருடம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்தவர். சொந்தக் கட்டடத்தையும் விட்டுவைக்கவில்லை. தரைத்தளத்துப் பழக்கடைக்காரரின் தராசுக்குச் சீல் வைத்தார். மூன்றாம் மாடியில் எதிர்வீட்டில் இருந்த மளிகைக்கடைக்காரரின் எடைக்கல்லைத் திருப்பிப் பார்த்து, அடியில் குடைந்திருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

"நாளைக்கும் எதிர் எதிர் வீட்லதான் சார் இருக்கப் போறோம்," என்றார் மளிகைக்கடைக்காரர்.

சொன்னபடியே இருந்தார். பதினோரு வருடமாகப் பேசத்தான் இல்லை.

கடிதம் நகராட்சியிலிருந்து வந்திருந்தது. சுற்றுச்சூழலைப் பேணியதற்காக இந்த ஆண்டு ஒரு பள்ளி, ஒரு கடை, ஒரு வீடு என்று மூன்றைப் பாராட்டப் போகிறார்களாம். வீடுகளில் அவருடையது இறுதிச் சுற்றுக்கு வந்திருக்கிறதாம். 'நால்வர் வாழும் இல்லத்தில் நாளொன்றுக்கு இருநூறு கிராம் குப்பையே சேர்வது எங்களை வியப்பில் ஆழ்த்துகிறது. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஐவர் குழு நேரில் வந்து, தங்கள் குடும்பத்தாருடன் ஒரு மணி நேரம் உரையாடும்.'

நால்வரா? மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. மகன் ஒரு தேசத்தில், மகள் இன்னொரு தேசத்தில். பதிவேட்டில் பழைய கணக்கை யாரும் திருத்தவில்லை போலிருக்கிறது.

உடனே ஒரு தாளை எடுத்து, 'ஐயா, தங்கள் கடிதத்தில் மூன்று பேர் கூடுதலாக உள்ளனர்' என்று எழுத ஆரம்பித்தார். ஒரு கிராம் தப்பையும் பொறுத்துக்கொண்டவர் இல்லை அவர். கையெழுத்துப் போடப் போகும்போது கடிதத்தை இன்னொரு தடவை படித்தார்.

ஐந்து பேர். ஒரு மணி நேரம்.

இந்த மூன்று வருடத்தில் அவர் வீட்டுக்குள் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கேஸ் அடுப்பு ரிப்பேர்காரர். இன்னொருவர் மாடி மாறி வந்துவிட்ட ஆள். அவரையும் இன்ஸ்பெக்டர் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, முழங்கால் வலி பற்றி இருபது நிமிடம் பேசித்தான் அனுப்பினார்.

எழுதிய தாளை நாலாக மடித்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

மறுநாள் காலையில் குப்பை எடுக்கும் அம்மா வந்தாள். தினமும் ஏழு மணிக்கு வருபவள். அவர் வாசலில் கட்டி வைக்கும் சின்னப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா சார்?" என்பாள். "இவ்ளோதான்மா," என்பார் அவர். அவருடைய அன்றாடப் பேச்சுவார்த்தை அநேகமாக அத்துடன் முடிந்துவிடும். போன மாதம் காய்ச்சலில் நாலு நாள் படுத்த படுக்கையாகக் கிடந்து ஐந்தாம் நாள் பையை வைத்தபோதுதான் கொஞ்சம் கூடுதலாகப் பேசினாள்.

"ஊருக்குப் போயிருந்தீங்களா சார்?"

"இல்லம்மா. காய்ச்சல்."

"யார்கிட்டயும் சொல்லலயா?"

"யார்கிட்டம்மா சொல்றது?"

அவள் பையை வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். இன்றைக்கு அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"சனிக்கிழமை நம்ம வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்கம்மா."

"அப்படியா சார்! எத்தன பேரு?"

"அஞ்சு பேர்."

"வரட்டும் சார், நல்லா வரட்டும்," என்று சிரித்தாள். தன் வீட்டுக்கே விருந்தாளி வருகிற மாதிரி இவளுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று அவருக்கு விளங்கவில்லை.

பதினோரு மணிக்கு நகராட்சி அதிகாரி அம்மையார் போன் செய்தார்.

"சனிக்கிழமை குடும்பத்துல எல்லாரும் இருப்பீங்கல்ல சார்?"

இன்ஸ்பெக்டர் மேஜை டிராயரின் பூட்டைப் பார்த்தார். "இருப்போம்."

"உரத்தொட்டி எங்க வெச்சிருக்கீங்க?"

"பால்கனியில."

"அருமை சார். அதத்தான் முதல்ல பாக்கணும்."

போனை வைத்ததும் பால்கனிக்குப் போய்ப் பார்த்தார். ஒரு துணிக்கொடியும் ஓர் உடைந்த நாற்காலியும் இருந்தன. பழைய தண்ணீர் டிரம் ஒன்றைத் தேடிப் பிடித்து நிறுத்தினார். உள்ளே போட அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு வாழைப்பழத் தோலும் நாலு வெங்காயச் சருகும்தான். டிரம்மின் அடியில் அது இருப்பதே தெரியவில்லை.

கீழே இறங்கிப் பழக்கடைக்காரரிடம் போய் நின்றார். அவரைப் பார்த்ததுமே பழக்கடைக்காரர் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"சோதனைக்கு வரல. பழத்தோல் இருக்குமா?"

"தோலா சார்? மூட்ட மூட்டையா இருக்கு. எட போட்டுத் தரணுமா, சும்மாவே எடுத்துக்குவீங்களா?"

மூன்று மூட்டை கொடுத்தார். அவரும் கடைகளுக்கான போட்டியில் இருக்கிறாராம். தோலை வீணாக்காமல் உரத்துக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாமே. மூன்று மூட்டையையும் மூன்று தடவையாக மூன்று மாடி ஏற்றுவதற்குள் இன்ஸ்பெக்டருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

வியாழக்கிழமை ஈ வந்தது. வெள்ளிக்கிழமை நாற்றம் வந்தது. பினாயில் ஊற்றினார், நாற்றம் இரண்டு விதமாயிற்று. பால்கனிக் கதவைச் சாத்தினால் வீட்டுக்குள் சூழ்ந்துகொண்டது. வாசல் கதவைத் திறந்துவைத்து மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டார். அது அத்தனையையும் வாரிக்கொண்டு போய் நேரே எதிர்வீட்டில் இறக்கியது.

நடுவில் குடும்பத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. குளியலறையில் நாலு பல்துலக்கி வைத்தார். புதிதாக வாங்கிய மூன்றும் சுத்தப் பிளாஸ்டிக். நாலு தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். பரணில் ஏறி மகனின் பழைய ஷூவை எடுத்தார். அதற்குப் பின்னால் ஒரு பையில் மனைவியின் செருப்பு இருந்தது.

வலது செருப்பு ஓரத்தில் தேய்ந்திருந்தது. அவள் வலது காலைக் கொஞ்சம் அழுத்தி நடப்பாள். "எல்லாத்தையும் எட போடறீங்களே, என்னையும் ஒரு நாள் தூக்கி வெச்சுப் பாருங்க," என்று கேலி செய்வாள். இன்ஸ்பெக்டர் பரண் ஏணியிலேயே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். அழுகையாக வந்தது. பிறகு இறங்கி, செருப்பைத் துடைத்து, வாசலில் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். வாசலைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மளிகைக்கடைக்காரரின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"சார், வீட்ல உக்கார முடியல. எதாவது செத்துக்..." என்றவள் கீழே பார்த்தாள். மூக்கிலிருந்து கை தானாக இறங்கியது. "யாரு சார் வந்திருக்காங்க?"

பொய் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தார். "வீட்டு ஆளுதான்மா," என்றார்.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் நாலு மாடிக்கும் தெரிந்துவிட்டது, எடை இன்ஸ்பெக்டர் மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கொண்டுவிட்டார் என்று.

சனிக்கிழமை ஒன்பதரைக்கே மளிகைக்கடைக்காரர் மனைவியோடு வந்தார். பதினோரு வருடத்துக்குப் பிறகு வாயைத் திறந்து, "நாத்தம் பத்திப் பேசணும்," என்றார். பேச்சு நாற்றத்தில் இருந்தாலும் கண் சமையலறைப் பக்கமே இருந்தது. இரண்டாம் மாடியிலிருந்து ஒருத்தி சர்க்கரை கடன் கேட்டு வந்தாள். கொடுத்த பிறகும் போகவில்லை. நாலாம் மாடியிலிருந்து இரண்டு பேர் தண்ணீர் வருகிறதா என்று விசாரிக்க வந்தார்கள். வீட்டில் இருந்தவை மூன்று நாற்காலிகள். இன்ஸ்பெக்டர் பாயை விரித்தார், டீ போட்டார், தம்ளர் போதாமல் எதிர்வீட்டிலிருந்தே வாங்கி வந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தன் வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டது அவருக்குப் பிடித்திருந்தது.

பத்து மணிக்குக் குழு வந்தது. பழக்கடைக்காரர் வழிகாட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"கேட்டீங்களே மேடம், எங்க கடைத் தோலெல்லாம் எங்க போகுதுன்னு. இங்கதான்! மூணு மூட்ட! புதன்கிழம சாரே தோள்ல சுமந்துட்டுப் போனாரு!"

"மூணு மூட்டையா?" அதிகாரி அம்மையார் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இருநூறு கிராம்னு இருக்கே." பிறகு கூடத்தைப் பார்த்தார். "நாலு பேருன்னும் இருக்கு. கூட்டுக் குடும்பமா சார்?"

இன்ஸ்பெக்டர் அவரிடம் ஒரு தம்ளர் டீயை நீட்டினார்.

"சரி, வீட்டம்மா எங்க? அவங்ககிட்டதான் முதல்ல பேசணும்."

அறையில் இருந்த அத்தனை தலையும் சமையலறைப் பக்கம் திரும்பியது. மளிகைக்கடைக்காரரின் மனைவி எழுந்தே நின்றுவிட்டாள். இன்ஸ்பெக்டர் மட்டும் வாசலைப் பார்த்தார். யாரோ வந்த வேகத்தில் மிதித்ததில் அந்தத் தேய்ந்த செருப்பு கவிழ்ந்து கிடந்தது. போய் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

"மேடம், இந்த வீட்ல இருக்கறது நான் ஒருத்தன்தான். வீட்டம்மா போயி மூணு வருஷமாச்சு. பசங்க வெளிநாட்டுல. தொட்டி புதன்கிழம வெச்சது. தோல் பழக்கடையோடது. அந்த இருநூறு கிராம் மட்டும்தான் சரியான எட. மத்ததெல்லாம் நான் ஏத்தினது."

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? பரிசுக்காகவா?"

"இல்ல மேடம்." அவர் பாயில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். "அஞ்சு பேர் வருவீங்கன்னு எழுதியிருந்தது. அதான்."

அதிகாரி அம்மையார் பேனாவைத் திறந்தார். பிறகு மெதுவாகத் தாளில் ஒரு கோடு இழுத்தார். "நாலு பேருக்குன்னாதான் சார் இருநூறு கிராம் சாதனை. ஒருத்தருக்குன்னா எல்லாரையும் போலத்தான். மன்னிக்கணும்." ஐவரும் டீயைக் குடித்துவிட்டு, நல்லபடியாகவே விடைபெற்றுப் போனார்கள். மொத்தம் பன்னிரண்டு நிமிடம்.

"அப்போ கல்யாணம் ஆகலயா?" என்று மளிகைக்கடைக்காரரின் மனைவி கணவன் காதில் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். சர்க்கரை வாங்கியவள் சர்க்கரையை மறந்துவிட்டுப் போனாள். மளிகைக்கடைக்காரர் மட்டும் வாசலில் நின்று, "தம்ளர அப்புறமா வாங்கிக்கறேன்," என்று போனார்.

வீடு பழைய வீடாயிற்று. இன்ஸ்பெக்டர் பாயைச் சுருட்டினார். தம்ளர்களை எண்ணினார். பன்னிரண்டு. ஒரு மாதத்துக்கு அவர் கழுவுகிற பாத்திரம் அது. ஒவ்வொன்றாக மெதுவாகக் கழுவினார்.

அவர் சொல்லி அனுப்பியிருந்ததால் மத்தியானம் குப்பை எடுக்கும் அம்மா மூட்டைகளை எடுக்க வந்தாள். டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "இன்னிக்கு இவ்ளோவா சார்?" என்றாள்.

"இன்னிக்கு இவ்ளோதான்மா." மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார். "நீங்க ஆபீஸ் பக்கம் போனா ஒண்ணு சொல்லிடுங்க. பதிவேட்டுல இந்த வீட்டுக்கு நாலு பேருன்னு தப்பா இருக்கு. திருத்தச் சொல்லுங்க. அதாலதான் இவ்வளவு கூத்தும்."

அவள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பதிவேட்டுல எல்லாம் ஒண்ணுன்னுதான் சார் இருக்கு. போட்டிக்கு உங்க வீட்டு பேரக் குடுத்ததும் நான்தான், நாலுன்னு எழுதினதும் நான்தான். ஒரே ஒரு ஆளு இருக்கற வீடுன்னு எழுதினா, யாரு சார் வந்து எட்டிப் பாப்பாங்க?"